மகளுக்கு டொய்லட் பழக்குவது: அம்மாமார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நாலாம் மாடியில் இருக்கிறோம். மகளுக்கு இப்போது நாலு வயது. அவளைப் பழக்கிய காலத்தில் என் மனதில் ஓடிய கேள்விகளையும், பிறகு லிப்டிலும் நேர்சரி வாசலிலும் மற்ற அம்மாமார் என்னிடம் கேட்டவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். நான் வைத்தியர் இல்லை. மருத்துவம் சம்பந்தமாக இங்கே இருப்பவை கிளினிக்கில் மிட்வைஃபிடமும் குழந்தை வைத்தியரிடமும் கேட்டு, தேடிப் படித்துத் தெளிந்தவை.

எத்தனை வயதில் தொடங்கலாம்?

18 மாதத்துக்கும் 3 வயதுக்கும் இடையில், பிள்ளை தயாரான நேரத்தில். பெரும்பாலான பிள்ளைகள் 2 வயதுக்கும் 3 வயதுக்கும் நடுவில்தான் பழகுகிறார்கள். பெண் பிள்ளைகள் ஆண் பிள்ளைகளைவிடச் சில மாதங்கள் முந்துவது வழக்கம், ஆனால் அது எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் பொருந்தாது. என் மகள் 2 வயதும் 4 மாதமும் ஆனபோது பழகினாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை 3 வயது தாண்டித்தான். இரண்டு பேரும் இன்று ஒன்றாக நேர்சரி போகிறார்கள்.

18 மாத ஊசி போடப் போனபோதே நான் மிட்வைஃபிடம் கேட்டுவிட்டேன். "பொட்டிய வாங்கி வையுங்கோ, அவசரப்படாதேங்கோ" என்றார். பொட்டி என்பது பிள்ளையை இருத்தும் சின்ன டொய்லட் சட்டி. இரண்டு வயதுப் பிள்ளையின் சலப்பை (சிறுநீர் தங்கும் பை) ஏறக்குறைய 100 மில்லிலீற்றர்தான் பிடிக்கும், அதாவது அரை டம்ளர். அது நிறைந்துவிட்டது என்று உணர்வதும், கொஞ்ச நேரம் அடக்கிப் பிடிப்பதும் நரம்பு முதிர முதிர வருபவை. சொல்லிக் கொடுத்து வரவைக்க முடியாது.

தொடங்கக் கூடாத நேரங்களும் இருக்கின்றன. வீடு மாறும் மாதம், காய்ச்சல் வந்து தேறும் வாரம், தம்பி தங்கச்சி பிறக்கும் சமயம், நீங்கள் லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் நாட்கள். அப்போதெல்லாம் தள்ளிப் போடுங்கள்.

அவள் தயார் என்று எப்படித் தெரியும்?

ஒன்றரை, இரண்டு மணி நேரம் பம்பர்ஸ் நனையாமல் இருக்கும். பகல் நித்திரையால் எழும்பும்போது சில நாள் காய்ந்திருக்கும். நனைந்த பம்பர்ஸைத் தானே இழுத்துக் கழற்றப் பார்ப்பாள். "அந்தக் கோப்பையை எடுத்து வா" என்றால் புரிந்துகொண்டு எடுத்து வருவாள். நீங்கள் பாத்ரூமுக்குப் போனால் பின்னாலேயே வந்து எட்டிப் பார்ப்பாள்.

என் மகளிடம் நான் கண்ட அடையாளம் ஹாலில் இருக்கும் திரைச்சீலை. விளையாடிக்கொண்டிருப்பவள் திடீரென்று சத்தம் நின்று, எழும்பிப் போய் அந்தத் திரைக்குப் பின்னால் நிற்பாள். கீழே இரண்டு பாதம் மட்டும் தெரியும், பெருவிரல்கள் மடங்கியிருக்கும். இரண்டு நிமிடம் கழித்து வெளியே வந்தால் கக்கா போயிருப்பாள். வருவது முன்கூட்டியே தெரிகிறது, அதற்கென்று ஓர் இடத்தையும் தேடிக்கொள்கிறாள். அந்த இடத்தைத் திரைக்குப் பின்னாலிருந்து பொட்டிக்கு மாற்றுவது மட்டும்தான் எங்கள் வேலையாக இருந்தது.

"உன்னை ஒரு வயசிலேயே பழக்கிட்டன்" என்று அம்மா சொல்கிறாரே?

அம்மா பொய் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் என் அம்மம்மா செய்ததை நானே கண்டிருக்கிறேன். சுவரில் சாய்ந்து, காலை நீட்டி இருந்துகொண்டு, இரண்டு கணுக்காலுக்கும் நடுவில் பிள்ளையை இருத்தி "ஸ்ஸ்ஸ்" என்று சத்தம் கொடுப்பார். கீழே பழந்துணி ஒன்று கிடக்கும். அந்தச் சத்தத்துக்கும் அந்த இருப்புக்கும் பிள்ளையின் உடம்பு பழகிவிடும். ஆனால் நேரம் பார்த்தது முழுக்க அம்மம்மா. பிள்ளை தானாக உணர்ந்து, ஓடி வந்து சொல்வதற்கு அந்தக் காலத்திலும் இரண்டு வயதுக்கு மேல் ஆனது.

அதற்கு வீட்டில் எந்நேரமும் ஓர் ஆள் வேண்டும், கழுவி ஊற்ற முற்றம் வேண்டும், துணி நெப்பி காய வெயில் வேண்டும். எங்கள் பல்கனியில் நாலு கொடி கட்டினால் ஐந்தாவதுக்கு இடமில்லை. அத்தோடு துணி நெப்பியில் ஈரம் உடனே உடம்பில் ஒட்டும், பிள்ளைக்குத் தெரியும். பம்பர்ஸ் ஈரத்தை உள்ளே இழுத்துவிடுவதால் பிள்ளைக்கு நனைந்ததே தெரிவதில்லை. எந்தக் கம்பனியின் நெப்பியையும் நாம் பம்பர்ஸ் என்றுதான் சொல்கிறோம். அந்தப் பெயர் கொண்ட நெப்பி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது 1961ல். அடுத்த ஆண்டிலேயே பிரேசல்டன் என்ற குழந்தை வைத்தியர், பிள்ளை தயாராகும் வரை பொறுத்திருந்து பழக்குங்கள், வற்புறுத்தாதீர்கள் என்று எழுதினார். இன்றைக்கு வைத்தியர்கள் சொல்வதும் பெரும்பாலும் அதைத்தான்.

அம்மாவோடு வாதாடிப் பயனில்லை. அவரிடமிருந்து நான் ஒன்றை எடுத்துக்கொண்டேன். "சாப்பிட்டவுடன இருத்து" என்பார். அது முற்றிலும் சரி. வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும். காலைச் சாப்பாடு முடிந்து அரை மணி நேரத்துக்குள் இருத்தினால் பல நாள் பலன் கிடைக்கும்.

பொட்டியா, கொமட்டில் வைக்கும் சின்ன சீட்டா?

இரண்டும் சரி. நாங்கள் புறக்கோட்டையில் வாங்கிய சாதாரணப் பிளாஸ்டிக் பொட்டியில் தொடங்கினோம். பாட்டுப் பாடுகிறது, லைட் எரிகிறது என்று விலைகூடியவை வேண்டாம், பிள்ளை அதோடு விளையாட இருந்துவிடுகிறாள். முக்கியமானது கால். பாதம் இரண்டும் தரையிலோ பலகைக்கட்டையிலோ நன்றாக ஊன்றியிருக்க வேண்டும். கொமட்டில் கால் தொங்கினால் முக்க முடியாது, விழுந்துவிடுவேனோ என்ற பயமும் வரும்.

ஊரில் குந்தும் டொய்லட் இருந்தால் பயப்பட வேண்டாம். குந்துவது கக்கா போக மிக நல்ல இருப்பு. கையைப் பிடித்துக்கொண்டால் போதும்.

ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். நம் பாத்ரூம்களில் தரை எப்போதும் ஈரம், மூலையில் வாளி நிறையத் தண்ணீர். பொட்டி பழகும் பிள்ளை தனியாக உள்ளே போகப் பழகுகிற பிள்ளை. வாளியை வெறுமையாகக் கவிழ்த்து வையுங்கள். சின்னப் பிள்ளை தலைகீழாக விழுந்து மூழ்க அரை வாளித் தண்ணீர்கூட வேண்டாம்.

முதல் சில நாட்களில் சரியாக என்ன செய்ய வேண்டும்?

வேலைக்குப் போகும் அம்மா என்றால் போயா (பௌர்ணமி) விடுமுறை வெள்ளியிலோ திங்களிலோ வரும் ஒரு நீண்ட வார இறுதியைப் பாருங்கள். மூன்று நாள் வீட்டிலேயே இருக்க வேண்டும். முடிந்தால் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் தொடங்குங்கள், கொழும்பில் அப்போதுதான் மழை குறைவு. மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று பிடித்துவிட்டால் ஒரு நாளைக்கு எட்டு ஜட்டியைக் காய வைப்பது பெரும்பாடு.

கார்ப்பெட்டைச் சுருட்டி வைத்தோம். சோபாவுக்கு ரப்பர் ஷீட்டும் அதன்மேல் பழைய சாரமும் விரித்தோம். பகலில் பம்பர்ஸ் இல்லை, பருத்தி ஜட்டியும் சட்டையும் மட்டும். ஜட்டியைப் பிள்ளையே கடையில் தெரிவு செய்யட்டும். மகள் மஞ்சள் நிறத்தில் வாத்துப் போட்டதை எடுத்தாள், "வாத்து நனையக் கூடாது" என்பது அவள் தானாகச் சொன்ன பேச்சு.

காலை எழும்பியதும், ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும், குளிக்க முன், படுக்க முன், இடையில் இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை இருத்தினேன். ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று நிமிடம்தான். வரவில்லையா, சரி, எழும்பிப் போகட்டும். "சூ வருதா?" என்று கேட்டால் விளையாடும் பிள்ளை "இல்லை" என்றுதான் சொல்லும். நான் கேட்பதை விட்டுவிட்டு, "வா, சூ போயிட்டு வந்து வீடு கட்டுவம்" என்று அழைத்தேன்.

முதல் நாள் ஆறு தடவை தரை நனைந்தது. இரண்டாம் நாள் நாலு. இரண்டாம் நாள் மத்தியானம் நடந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுபோனாள். டைல்ஸில் தண்ணீர் மெல்லப் பரவி, சிவப்புக் கட்டை ஒன்றைச் சுற்றிக்கொண்டு போனது. அவள் ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டு, உடனே நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அது நல்லதா கெட்டதா என்று என் முகத்தில் தேடுகிறாள் என்பது எனக்கு விளங்கியது. இரவு முழுக்க நித்திரை இல்லாத களைப்பு எனக்கு. ஆனாலும் "சூ வந்திட்டுது. பரவாயில்லை, துடைப்பம் வா" என்று ஒரு துணியை அவள் கையில் கொடுத்தேன். இரண்டு பேருமாகத் துடைத்தோம். அன்று பின்னேரம் முதல் தடவையாக "அம்மா, சூ" என்று சொல்லிக்கொண்டு ஓடி வந்தாள். பாதி வழியில் போய்விட்டது, மீதி பொட்டியில் விழுந்தது. அந்த மீதிக்கு நாங்கள் கைதட்டினோம்.

நாளுக்கு நாள் குறைந்தால் தொடருங்கள். ஒரு வாரம், பத்து நாள் போயும் எதுவும் பிடிபடவில்லை, பொட்டியைக் கண்டாலே அழுகிறாள் என்றால் பம்பர்ஸைத் திரும்பப் போட்டு, பொட்டியை மூலையில் வைத்துவிட்டு, ஒன்றிரண்டு மாதம் கழித்துத் தொடங்குங்கள். 2022 நெருக்கடியில் பம்பர்ஸ் விலை ஏறிய ஏற்றத்தை நம் வீடுகள் மறக்கவில்லை, ஒரு பக்கெட் மிச்சமானாலும் மிச்சம்தான் என்று தோன்றும். அந்த அவசரம் பிள்ளைக்குத் தெரியக் கூடாது.

எந்தச் சொல்லைப் பழக்குவது?

கொழும்பில் இது உண்மையான கேள்வி. அப்பம்மா "சலம்" என்பார், சித்தி "ஒண்டுக்கு" என்பார், நேர்சரி டீச்சர் சிங்களத்தில் பேசுவார், எதிர்வீட்டு அன்ரி ஆங்கிலத்தில் பேசுவார். இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு சொல் போதும். நாங்கள் "சூ", "கக்கா" என்ற இரண்டையும் எடுத்தோம். சிங்களப் பிள்ளைகளும் இதையேதான் சொல்கிறார்கள் என்பதால் நேர்சரியிலும் பார்க்கிலும் யாரிடம் சொன்னாலும் விளங்கிவிடும். வீட்டில் எல்லோரும் அதையே சொல்ல வேண்டும் என்று அப்பம்மாவிடமும் கேட்டுக்கொண்டோம்.

பெண் பிள்ளை என்பதால் தனியாகக் கவனிக்க வேண்டியவை என்ன?

முதலாவது, முன்னாலிருந்து பின்னால். துடைத்தாலும் சரி, தண்ணீரால் கழுவினாலும் சரி, கை முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாகத்தான் போக வேண்டும். பெண் பிள்ளைகளின் சலக்குழாய் மிகக் குட்டை. பின்னாலிருந்து முன்னால் தேய்த்தால் குடல் கிருமி சலப்பைக்குப் போய்ச் சேரலாம். நாம் பின்னால் நின்று, கையைக் கீழால் விட்டு, முன்னோக்கி இழுத்துக் கழுவிப் பழகியவர்கள். அம்மாவும் அப்படித்தான் கழுவினார். நான் வாயால் சொல்லவில்லை, பக்கத்தில் நின்று ஒரு தடவை கழுவிக் காட்டினேன், மாற்றிக்கொண்டார்.

கை ஷவர் இருந்தால் வேகத்தைக் குறைத்து முன்னாலிருந்து பிடியுங்கள். குளிர்ந்த தண்ணீர் திடீரென்று அடித்தால் அடுத்த தடவை டொய்லட்டுக்கே வரமாட்டாள். கழுவியபின் மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். கொழும்பின் புழுக்கத்துக்கு ஈரத்தோடு ஜட்டி போட்டால் அரிப்பு வரும்.

இரண்டாவது, உட்காரும் விதம். இதை நான் மகளுக்கு மூன்று வயதானபோதுதான் தெரிந்துகொண்டேன். அவள் சூ போய்விட்டு வந்து ஐந்து நிமிடத்தில் ஜட்டி கொஞ்சமாக நனைந்திருக்கும். ஒழுங்காக முடிக்காமல் ஓடி வருகிறாள் என்று நினைத்தேன். காரணம் ஜட்டி. முழங்காலில் நிற்கும் ஜட்டி இரண்டு தொடையையும் நெருக்கிப் பிடிக்கிறது. அப்படி நெருக்கி இருந்து போனால் சூவில் கொஞ்சம் உள்ளே தங்கி, எழும்பி நடக்கும்போது கசியும். ஜட்டியைக் கணுக்கால் வரை இறக்கி, அல்லது முழுதாகக் கழற்றி, முழங்கால்களை அகட்டி, கொஞ்சம் முன்னால் சாய்ந்து இருக்கச் சொன்னேன். சில நாளில் அந்த ஈரம் நின்றுவிட்டது.

மூன்றாவது, சவர்க்காரம். அந்த இடத்துக்கு வெறும் தண்ணீர் போதும். வாசனைச் சவர்க்காரம், நுரை குளியல், குளிக்கும் தண்ணீரில் டெட்டோல் விடுவது, பவுடர் கொட்டுவது, எதுவும் வேண்டாம். அந்தத் தோல் மிக மென்மை, எரிச்சல் வந்தால் சூ போகும்போது சுடும், சுட்டால் பிள்ளை அடக்கத் தொடங்கும். இரவில் பின்பக்கம் அரிக்கிறது என்று சொறிந்தால் குடல் பூச்சியாக இருக்கலாம். நகத்தை ஒட்ட வெட்டி, கிளினிக்கில் பூச்சி மருந்து கேளுங்கள்.

யார் கழுவலாம் என்பதையும் இதோடு சேர்த்தே சொல்லிக் கொடுத்தோம். அம்மா, அப்பா, அம்மம்மா, அப்பம்மா, நேர்சரியில் டீச்சர். வேறு யார் உள்ளே கூப்பிட்டாலும் "வேண்டாம்" என்று சொல்லலாம், வந்து அம்மாவிடம் சொல்ல வேண்டும். இரண்டு வயதுப் பிள்ளைக்கும் இது விளங்குகிறது.

சூ ஒழுங்காகப் போகிறாள், கக்காவுக்கு மட்டும் பம்பர்ஸ் கேட்டு அழுகிறாள். என்ன செய்வது?

கேட்கும்போது போட்டுக் கொடுங்கள். நிறையப் பேர் இங்கேதான் பிடிவாதம் பிடித்து மாட்டிக்கொள்கிறார்கள், நானும்தான். மகள் நாலு நாள் அடக்கினாள். ஐந்தாம் நாள் கல்லாகப் போய், கத்திக் கத்தி அழுதாள். பிறகு வலிக்கும் என்ற பயத்தில் இன்னும் அடக்கினாள். அடக்க அடக்கக் கட்டியாகும், கட்டியானால் வலிக்கும். இந்தச் சுற்றை உடைக்காமல் பொட்டியைப் பற்றிப் பேசவே கூடாது.

வைத்தியர் முதலில் கேட்டது, எவ்வளவு பால் குடிக்கிறாள் என்று. நாலு போத்தல் பால்மா கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன், சாப்பிடாவிட்டால் பாலாவது குடிக்கட்டும் என்று. இந்த வயதில் பால் ஒரு நாளைக்கு 500 மில்லிலீற்றரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சோறு கறி இறங்காது, மலம் இறுகும், இரத்தத்தில் இரும்புச் சத்தும் குறையும். பாலைக் குறைத்து, பப்பாசி, கொய்யா, கீரை, அவித்த பயறு, கௌப்பி, குரக்கன் என்று கூட்டினோம். விளையாட்டுக்கு நடுவில் தண்ணீர் கொடுத்தோம். மலத்தை இளக்கும் பாணி மருந்தும் தந்தார், அதை நிறுத்தாமல் சில வாரம் கொடுக்கச் சொன்னார். இரண்டு நாள் ஒழுங்காகப் போனதும் நிறுத்திவிடுவதுதான் நாம் செய்கிற பிழை. பார்மசியில் நீங்களாகப் பேதி மருந்து வாங்கிக் கொடுக்காதீர்கள், பின்பக்கத்தில் வெற்றிலைக் காம்பு, சவர்க்காரத் துண்டு வைப்பதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

வயிற்றில் மலம் தேங்கினால் அது சலப்பையையும் நெருக்கும். அதனால் சூவும் அடிக்கடி வரும், கசியும், கிருமித் தொற்றும் எளிதில் வரும். நனைக்கிறாள் என்று அழைத்துப் போன பிள்ளைக்கு வைத்தியர் மலச்சிக்கல் மருந்து எழுதினால் வியக்காதீர்கள்.

மலம் இளகியதும் இப்படி நகர்த்தினோம். பம்பர்ஸோடு பாத்ரூமில் நின்று போகட்டும். பிறகு பம்பர்ஸோடு பொட்டியில் இருந்து போகட்டும். பிறகு பம்பர்ஸைப் பொட்டிக்குள் விரித்து, அதன்மேல் போகட்டும். கடைசிப் படி தானாக வந்தது. மொத்தம் மூன்று வாரம். ஃப்ளஷ் சத்தத்துக்குப் பயந்தால் அவள் வெளியே போனபின் அடியுங்கள்.

பரிசு கொடுக்கலாமா?

ஸ்டிக்கர் ஒட்டலாம், கைதட்டலாம், அப்பாவுக்கு போன் எடுத்துச் சொல்லலாம். ஒவ்வொரு தடவையும் சொக்லட் கொடுத்தால் சொக்லட்டுக்காக ஐந்து நிமிடத்துக்கொரு தடவை இரண்டு சொட்டு விட்டுவிட்டு வருவாள்.

"சீ", "ஷேம் ஷேம்" என்று வீட்டார் சொல்வதை எப்படி நிறுத்துவது?

இந்தப் பக்கத்தை நான் எழுதியதே இந்தக் கேள்விக்காகத்தான். நம் வீடுகளில் யாரும் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார்கள். "சீ, நாறுது", "பொம்பிளைப் பிள்ளை இப்பிடியா நிக்கிறது", "ஷேம் ஷேம்". ஆனால் பிள்ளை தன் உடம்பைப் பற்றி முதன்முதலாகக் கேட்கும் சொற்கள் இவை. நனைந்ததும் அவள் என் முகத்தைப் பார்த்ததைச் சொன்னேனே, அந்த நேரத்தில் "சீ" என்ற சொல் போய் விழுந்தால், சூ வந்தது பிழை என்று எடுத்துக்கொள்ள மாட்டாள், தானே பிழை என்று எடுத்துக்கொள்வாள். அப்புறம் ஒளிப்பாள், அடக்குவாள், நனைந்த ஜட்டியைக் கட்டிலுக்குக் கீழே போடுவாள். நாளைக்கு எரிந்தாலும், அரித்தாலும், யாராவது தொட்டாலும் சொல்ல வெட்கப்படுவாள்.

என் மாமி ஒரு நாள் விருந்தினர் முன்னால் "ஷேம் ஷேம்" என்று சிரித்தார். அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. இரவு சமையலறையில் அவர் தேங்காய் துருவும்போது, "மாமி, அவள் இண்டைக்கு முழுக்க சூ வந்ததைச் சொல்லேல்ல. வெக்கப்படுறாள் போல. நீங்கள் சொன்னா அவள் கேப்பாள், நாளைக்கு நீங்களே ஒருக்கா கூட்டிக்கொண்டு போங்கோவன்" என்றேன். மறுநாள் காலை மாமிதான் அவளைப் பொட்டியில் இருத்திக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். பிழை பிடிப்பதைவிடப் பொறுப்பைக் கொடுப்பது எங்கள் வீட்டில் வேலை செய்தது.

அடி, மிரட்டல், சாப்பாட்டை நிறுத்துவது, இவை எதுவும் எந்தப் பிள்ளையையும் வேகமாகப் பழக்கியதில்லை.

வெளியே போகும்போது என்ன செய்வது?

வெளிக்கிட முன் ஒரு தடவை, போய்ச் சேர்ந்ததும் ஒரு தடவை. காலி முகத்திடலானாலும் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையானாலும் டொய்லட் எங்கே என்று முதலில் பார்த்துவிட்டு விளையாட விடுங்கள். பையில் இரண்டு ஜட்டி, ஒரு சட்டை, ஒரு போத்தல் தண்ணீர், ஈரத்துணி போட ஒரு பிளாஸ்டிக் பை. பொது டொய்லட் சீட்டில் இருத்தப் பயம் என்றால் முதுகை உங்கள் நெஞ்சோடு சேர்த்து, இரண்டு தொடையையும் கையில் ஏந்திப் பிடிக்கலாம். வீட்டிலேயே ஒன்றிரண்டு தடவை அப்படிப் பிடித்துப் பழக்குங்கள், புது இடத்தில் புது விதமாகப் பிடித்தால் வராது.

யாழ்ப்பாணம் போகும் இரவு பஸ்ஸுக்கு மட்டும் பம்பர்ஸ் போடுங்கள். 400 கிலோமீற்றர் அளவான பயணம். பழகிய புதிதில் பெருமையாக ஜட்டியோடு ஏற்றினேன். புத்தளம் தாண்டி மகள் எழும்பி "சூ" என்றாள். நிறுத்தச் சொல்லிக் கேட்டும் பஸ் நிறுத்தவில்லை. என் மடி, சேலை, சீட் எல்லாம் நனைந்தது. அவள் ஒழுங்காகச் சொன்னாள், பெரியவர்கள் நாங்கள்தான் கேட்கவில்லை. அதைக் காதோடு அவளிடம் சொன்னேன். பகல் ரயில் என்றால் டொய்லட் இருக்கிறது, ஆனால் ஆட்டத்துக்கு நீங்கள் இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

நேர்சரியில் பம்பர்ஸ் இல்லாமல் வர வேண்டும் என்கிறார்கள். மகளுக்கு இன்னும் வரவில்லை.

அனுமதிக்கு முன் டீச்சரோடு நேராகப் பேசுங்கள். யார் அழைத்துப் போவார், டொய்லட் சின்னதா பெரியதா, கேட்டுத்தான் போக வேண்டுமா, கழுவி விடுவார்களா என்று கேளுங்கள். முடிந்தால் முதல் நாளுக்கு முன்பே பிள்ளையை அந்த டொய்லட்டுக்கு ஒரு தடவை கூட்டிப் போய்க் காட்டுங்கள். இடுப்பில் இலாஸ்டிக் வைத்த உடுப்பு போடுங்கள், ஊக்கும் பட்டனும் வேண்டாம். வீட்டில் பழகியவள் நேர்சரியில் முதல் மாதம் நனைப்பது மிகச் சாதாரணம்.

இரவில் எப்போது நிறுத்துவது?

பகல் வேறு, இரவு வேறு. நித்திரையில் சலத்தைக் குறைக்கும் ஹோர்மோன் சுரப்பதும், நிறைந்ததும் மூளை எழுப்புவதும் தானாக முதிர வேண்டியவை. 5 வயதிலும் 100 பிள்ளைகளில் ஏறக்குறைய 15 பேர் இரவில் நனைக்கிறார்கள். அப்பாவோ அம்மாவோ சின்னதில் நனைத்திருந்தால் வாய்ப்பு இன்னும் கூட. காலையில் பம்பர்ஸ் ஒன்றிரண்டு வாரம் தொடர்ந்து காய்ந்திருந்தால் கழற்றிப் பாருங்கள், மெத்தைமேல் ரப்பர் ஷீட் இருக்கட்டும். பின்னேரத்துக்குப் பின் தண்ணீரே கொடுக்காமல் வாட்ட வேண்டாம், படுக்க முன் குடிக்கும் பாலைச் சற்று முந்திக் கொடுத்தால் போதும்.

பழகி ஐந்து மாதமானவள் திரும்ப நனைக்கிறாள். ஏன்?

பெரும்பாலும் வீட்டில் ஏதோ மாறியிருக்கும். தம்பி பிறந்தான், அம்மம்மா ஊருக்குத் திரும்பிவிட்டார், அப்பா வெளிநாடு போய்விட்டார். திட்டாமல், முதல் வாரத்தில் செய்ததுபோல நேரத்துக்கு இருத்துங்கள். சில வாரத்தில் சரியாகும். காரணமே தெரியவில்லை என்றால் மலச்சிக்கலையும் சலத் தொற்றையும் பார்க்க வேண்டும்.

எப்போது வைத்தியரிடம் போக வேண்டும்?

சூ போகும்போது அழுதால், எரிகிறது என்றால், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி போனால், நாற்றம் மாறினால், இரத்தம் தெரிந்தால், தடிமனும் இருமலும் இல்லாமல் காய்ச்சல் மட்டும் வந்தால். சலத்தைச் சோதிக்காமல் பார்மசியில் அன்டிபயோடிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். யூரின் ஃபுல் ரிப்போர்ட்டும் கல்சரும் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுக்கச் சொல்வார்கள், மருந்து தொடங்க முன் எடுத்தால்தான் கல்சரில் கிருமி சரியாகத் தெரியும்.

பழகிய பிள்ளை திடீரென்று நனைக்கத் தொடங்கி, தண்ணீர் தண்ணீர் என்று கேட்டு, மெலிந்தும் போனால் அன்றைக்கே இரத்தத்தில் சீனி பார்க்க வேண்டும்.

பெண் பிள்ளை ஒழுங்காகச் சூ போயும், இடையில் எந்நேரமும் துளித்துளியாகக் கசிந்து ஜட்டி காய்வதே இல்லை என்றால் அது பழக்கக் குறை அல்ல, உள்ளே சிறுநீரகத்திலிருந்து சலம் இறங்கும் குழாயின் அமைப்பில் ஏதாவது இருக்கலாம், காட்ட வேண்டும். 4 வயதாகியும் பகலில் பழகவில்லை, ஒரு வாரத்தில் இரண்டு தடவைகூடக் கக்கா போவதில்லை, நடையில் தளர்ச்சி தெரிகிறது என்றாலும் காட்டுங்கள். உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகக் கிளினிக்கில் தொடங்கலாம். பொரளையில் லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை அரச வைத்தியசாலை, கட்டணம் இல்லை. பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

முழுதாகப் பழகிவிட்டாள் என்று எப்போது சொல்லலாம்?

தானாக உணர்ந்து போய், தானாக உடுப்பை இறக்கி, சவர்க்காரம் போட்டுக் கை கழுவி வருவது மூன்றரை, நாலு வயதில் வரும். கக்கா போனபின் ஒழுங்காகக் கழுவ இன்னும் ஒன்றிரண்டு வருடம் உங்கள் கை வேண்டும். என் மகள் இப்போது கதவைச் சாத்திக்கொண்டு "அம்மா, வராதேங்கோ" என்கிறாள். நானும் வெளியே நிற்கிறேன். கொஞ்ச நேரத்தில் நாலாம் மாடி முழுக்கக் கேட்கும்படி உள்ளேயிருந்து கூப்பிடுவாள்: "அம்மாஆ, முடிஞ்சுது!"